கைத்தொலைபேசி வங்கியும் மனத் தயக்கமும்

இன்று கைத்தொலைபேசி வழியாகவே பணம் அனுப்பலாம்; மின்கட்டணம் கட்டலாம். ஆயினும், ஒரே வீட்டில் மகள் இதனைத் தயங்காமல் செய்ய, தந்தையார் பேருந்து ஏறிப்போய்ப் பட்டணத்து வங்கியில் வரிசையில் நிற்பதைக் காண்கிறோம். ஏன் இந்த வேறுபாடு?

அலுவலகங்களில் கணினியை ஏற்றுக்கொள்வது பற்றி ஆராய்ந்த அமெரிக்கர் ஃபிரெட் டேவிஸ், 1989ஆம் ஆண்டில் ஒரு விளக்கம் தந்தார். "இதனால் எனக்குப் பயன் உண்டு", "இதைக் கையாள்வது எளிது" என்னும் இரண்டு எண்ணங்களே மனிதரைப் புதிய கருவியின்பால் ஈர்க்கின்றன என்றார். பணம் என்று வரும்போது மூன்றாவதாக ஒன்றும் வேண்டும். அதுதான் நம்பிக்கை.

கென்யா நாட்டைப் பாருங்கள். அங்கே 2007இல் எம்-பெசா என்னும் கைத்தொலைபேசிப் பணச் சேவை தொடங்கியது. நகரத்தில் உழைப்போர் ஊரிலுள்ள பெற்றோருக்குப் பணம் அனுப்ப வேண்டியிருந்ததால் அதன் பயன் உடனே விளங்கிற்று. பணத்தைக் கட்டவும் எடுக்கவும் அக்கம்பக்கத்துக் கடைக்காரரே முகவராக இருந்தார். தெரிந்த முகம் இருந்ததால் அச்சம் தணிந்தது.

நம் தோட்டப்புறத்து முதியவருக்கு வங்கிப் புத்தகத்தில் அச்சடித்த எண்ணே சாட்சி. கைத்தொலைபேசியில் அப்படிக் கையில் பிடிக்க ஒன்றுமில்லை. ஓர் எண்ணைத் தவறாக அழுத்தினால் உழைத்த காசு போய்விடுமே என்று அஞ்சுகிறார். பேரப்பிள்ளையிடம் கேட்டால் சிரிப்பானோ என்னும் கூச்சம் வேறு. இக்கூச்சம் அச்சத்தினும் கேடானது. கேட்கக் கூசுகிறவர், இரகசிய எண்ணையும் பிறரிடம் சொல்லி, "நீயே செய்துவிடப்பா" என்று விட்டுவிடுகிறார். பிறகு தம் கணக்கில் நடப்பது அவருக்கே தெரியாது.

ஆதலால், இளையோரே, பெரியவர்களின் பக்கத்தில் அமர்ந்து, அவர்கள் விரலாலேயே செய்ய விடுங்கள். முதல் வாரம் கணக்கிலுள்ள இருப்பை மட்டும் பார்க்கட்டும். அடுத்து, ஒரு ரிங்கிட்டை உங்களுக்கே அனுப்பட்டும். அனுப்புமுன் திரையில் தோன்றும் பெயரைப் படித்துப் பார்க்கப் பழக்குங்கள். வங்கி அதிகாரி என்று சொல்லிக் கேட்டாலும் இரகசிய எண்ணைக் கொடுக்கலாகாது. ஏமாற்றப்பட்டதாக ஐயம் எழுந்தால், மோசடிப் புகார்களுக்காக மலேசியாவில் 2022இல் அமைக்கப்பட்ட தேசிய மையத்தை 997 என்னும் எண்ணில் உடனே அழைக்க வேண்டும்.

பெரியவர்களே, உங்கள் எச்சரிக்கை உணர்வு நல்லதே, அது இருக்கட்டும். கூச்சத்தை மட்டும் விட்டுவிடுங்கள்.