மண்டியில் படுத்த ஒயின்

சாப்பாட்டு மேசை – 12

சென்ற வாரம் பர்கண்டியின் ஷார்டனே பாட்டில்களைப் பற்றிப் படித்துவிட்டு, ‘இதெல்லாம் பணக்காரர் சமாசாரம்’ என்று பக்கத்தைப் புரட்டியவர்களுக்காகவே இந்த அத்தியாயம்.

ஷார்டனே திராட்சைக்கு ஓர் ஏழை உடன்பிறப்பு உண்டு. பெயர் மெலோன். 1999-ல் மரபணுவைச் சோதித்தபோது இரண்டுக்கும் பெற்றோர் ஒன்றே என்று தெரிந்தது. ஒருபுறம் பினோ என்ற உயர்குடித் திராட்சை. மறுபுறம் குடியானவர்கள் வளர்த்த, யாரும் மதிக்காத கூவே பிளாங். ஒரு பிள்ளை பர்கண்டியிலேயே தங்கிப் பெரிய மனிதர் ஆகிவிட்டது. இன்னொன்றுக்குப் பிறந்த ஊரில் இடமில்லாமல் போனது. அது பிரான்சின் மேற்குக் கோடியில், லுவார் ஆறு கடலைத் தொடும் பக்கம், நாந்த் நகரைச் சுற்றிப் பிழைத்துக்கொண்டது.

அதை அங்கே வாழவைத்தவை வணிகமும் குளிரும். 17-ஆம் நூற்றாண்டில் நாந்த் துறைமுகத்துக்கு வந்த டச்சு வணிகர்கள், காய்ச்சி பிராந்தி இறக்குவதற்கு மலிவான வெள்ளை ஒயின் கேட்டார்கள். பிறகு 1709 ஜனவரியில் ஐரோப்பாவையே உறையவைத்த கடுங்குளிர் வந்தது. நாந்த் பக்கத்துக் கொடிகள் பட்டுப்போயின. குளிர் தாங்கும் மெலோனைத் தோட்டம் தோட்டமாக நட்டார்கள். அதன் ஒயினுக்கு இன்று ‘மஸ்கதே’ என்று பெயர். மஸ்கட் திராட்சைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

மெலோனிடம் ஒரு குறை. தனக்கென்று பெரிய மணம் கிடையாது. பிழிந்து, நொதிக்கவைத்து, உடனே தெளியவைத்து எடுத்தால் சப்பென்று புளிக்கும். அதற்கு நாந்த்காரர்கள் கண்ட வைத்தியம், சும்மா விட்டுவிடுவது. வேலை முடிந்த ஈஸ்ட் செத்து, டிக்காஷன் அடியில் தங்குகிற தூள் மாதிரி தொட்டியின் அடியில் மண்டியாகப் படியும். பல ஊர்களில் ஒயினை அதிலிருந்து பிரித்து வேறு தொட்டிக்கு மாற்றிவிடுவார்கள். இங்கே ஒரு குளிர்காலம் முழுக்க மண்டியின் மேலேயே கிடக்கும். ஈஸ்ட் செல்கள் உடைந்து கரையக் கரைய, மெலிந்த ஒயினுக்குக் கொஞ்சம் சதை பிடிக்கும்; ரொட்டி மாவின் வாசனை ஏறும். காற்றுப் பட்டுக் கெடாமலும் அந்த மண்டியே காக்கும். மார்ச் பிறந்ததும் தொட்டியிலிருந்து நேரே பாட்டிலுக்குப் போகும். நொதித்தபோது உண்டான வாயு சிறிது மிஞ்சியிருப்பதால் நாக்கு நுனியில் லேசாகச் சுருக்கென்றிருக்கும். வீட்டுக் கல்யாணத்துக்கென்று ஒதுக்கிவைத்த பீப்பாய் மற்றவற்றைவிட ருசித்ததில் தொடங்கியது இந்தப் பழக்கம் என்று அந்தப் பக்கத்தில் கதை சொல்வார்கள்.

ஆகவே கடையில் நிற்கும்போது லேபிளில் தேட வேண்டியது ‘சூர் லி’ என்ற இரண்டு சொற்கள். ‘மண்டியின் மேல்’ என்று அர்த்தம். கூடவே ‘செவ்ர் எ மேன்’ என்றிருந்தால் நல்லது. நாந்துக்குத் தெற்கே ஓடும் இரண்டு ஆறுகளின் பெயர் அது. சாதாரண மஸ்கதேயில் ஆண்டு எவ்வளவு புதிதோ அவ்வளவு நன்று. பிரான்சில் பத்து யூரோவுக்குள் தரமான பாட்டில் கிடைக்கும். கொஞ்சம் கூடுதலாகச் செலவழிக்கலாம் என்றால் கிளிசோன், கோர்ஜ், லெ பலே என்ற ஊர்ப் பெயர்களைப் பாருங்கள். 2011-ல் தனி அங்கீகாரம் பெற்ற இவை ஏறத்தாழ ஒன்றரை ஆண்டோ அதற்கு மேலோ மண்டியில் கிடந்தவை. சில ஆண்டுகள் வைத்திருந்தும் குடிக்கலாம்.

இனி ருசி பார்ப்பது. ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்தவுடன் ஊற்ற வேண்டாம். அந்தக் குளிரில் வாசனை எழும்பாது. கால் மணி நேரம் வெளியே வைத்து, 8 முதல் 10 டிகிரிக்கு வந்ததும் ஊற்றுங்கள். வெளிறிய நிறமாக இருக்க வேண்டும். புது ஒயின் பழுப்படித்திருந்தால் காற்றுப் பட்டிருக்கிறது. நனைந்த அட்டைப்பெட்டி வாடை வந்தால் கார்க் கெடுத்திருக்கிறது. இரண்டும் இல்லையென்றால் ஒரு வாய் குடியுங்கள். பச்சை ஆப்பிள், எலுமிச்சை, துளி உப்பு. ‘புளிக்கிறதே’ என்று முகம் சுளிப்பீர்கள். அவசரப்பட்டுத் தீர்ப்புச் சொல்லாதீர்கள்.

ஏனென்றால் இந்த ஒயினுக்குச் சாப்பாடு வேண்டும். நாந்த் பக்கத்தில் இதைச் சிப்பியோடும் கடல் மட்டியோடும் குடிக்கிறார்கள். கடலுணவின் உப்பு பட்டதும் ஒயினின் புளிப்பு தணியும். புளிப்பு பட்டதும் மீனின் கவிச்சி அடங்கும். வறுத்த மீனுக்கு நாம் எலுமிச்சை பிழிகிறோமே, அதே கணக்கு. சிவப்பு ஒயின் இந்த இடத்தில் பெரும்பாலும் சறுக்கும். அதில் பொதுவாகக் கூடுதலாக உள்ள இரும்புச் சத்துதான் மீன் வாடையைக் கிளப்பிவிடுகிறது என்று ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-ல் காட்டினார்கள்.

விலை குறைந்த வெள்ளை ஒயினை வெறும் வாயில் சோதித்து ஒதுக்கிவிடாதீர்கள். முதல் வாய் தனியாக, இரண்டாவது வாய் மீனோடு. இரண்டாவதில் தேறினால் அது நல்ல ஒயின். ஷார்டனேவின் ஏழைத் தம்பி அதில் தேறிவிடுவான்.

(தொடரும்)