கொல்லும் அதிகாரமும் அதன் எல்லையும்

2019ஆம் ஆண்டு நவம்பர் 27ஆம் நாள் ஹைதராபாத் அருகே இளம் கால்நடை மருத்துவர் ஒருவர் பாலியல் வன்கொடுமைக்கு ஆளாக்கப்பட்டுக் கொலையுண்டார். கைதான நால்வரும் டிசம்பர் 6ஆம் நாள் விடியற்காலையில், காவலரின் பொறுப்பில் இருக்கையிலேயே சுட்டுக் கொல்லப்பட்டனர். அவர்கள் துப்பாக்கிகளைப் பறித்துத் தாக்கியதால் தற்காப்புக்காகச் சுட நேர்ந்தது எனக் காவல்துறை கூறிற்று. மக்கள் காவலர்மேல் மலர் தூவினர். இச்செயல் நியாயமானதுதானா?

இதற்கு விடை காணுமுன், ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் இரு வினாக்களை நாம் பிரித்தறிதல் வேண்டும். இறந்தவர் மீதிருந்த குற்றச்சாட்டு எத்துணைக் கொடியது என்பது ஒன்று. சுட்ட அந்நேரத்தில் காவலருக்கோ பிறருக்கோ உயிராபத்து இருந்ததா என்பது மற்றொன்று. முந்தியதற்கு விடையளிப்பது நீதிமன்றத்தின் பணி. காவலரின் செயலை அளக்கும் கோல் பிந்தியதே.

சட்டமும் இவ்வழியே செல்கிறது. தற்காப்புரிமை காவலருக்கென்று அளிக்கப்பட்ட தனிச் சலுகையன்று. அஃது எல்லாருக்கும் உரியது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் இருந்த இவ்வுரிமை, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையிலுள்ள பாரதிய நியாய சன்ஹிதாவிலும் தொடர்கிறது. ஆனால், தற்காப்புக்குத் தேவையான அளவுக்கு மேல் தீங்கு செய்ய அது இடந்தருவதில்லை. 2014இல் உச்ச நீதிமன்றம் இத்தகைய மரணங்கள் குறித்து 16 நெறிமுறைகளை வகுத்தது. சுயேச்சையான புலனாய்வும் நடுவர் விசாரணையும் வேண்டும் என்றும், நிகழ்ச்சி முடிந்த உடனே சம்பந்தப்பட்டோர்க்குப் பதவி உயர்வோ வீரப் பரிசோ வழங்கலாகாது என்றும் அவை கூறுகின்றன.

ஹைதராபாத் நிகழ்ச்சியை ஆராய, ஓய்வுபெற்ற உச்ச நீதிமன்ற நீதிபதி சிர்புர்க்கர் தலைமையில் ஆணையம் ஒன்று அமைக்கப்பட்டது. காவல்துறையின் கூற்று நம்பத்தக்கதன்று என்றும், கொல்லும் நோக்குடனேயே சுடப்பட்டது என்றும் 2022இல் வெளியான அதன் அறிக்கை தெரிவித்தது. இறந்தவருள் மூவர் 18 வயது நிரம்பாதவர் என்றும் அது கண்டது. ஆணையத்தின் முடிவு நீதிமன்றத் தீர்ப்பு ஆகாது. எனினும், மலர் தூவியோர் எதை அறியாமல் தூவினர் என்பதை அது காட்டுகிறது.

வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நீள்வதால் மக்கள் சலிப்படைவது உண்மையே. காவலர் நொடிப்பொழுதில் முடிவெடுக்க நேர்வதும் உண்மையே. மெய்யான ஆபத்தில் சுட்டவரைக் குற்றவாளியாக்குவதும் அநீதியாகும். ஆகவேதான் விசாரணை தேவை. அது நேர்மையான காவலரையும் காக்கிறது.

“நன்றாய்ச் செய்தார்கள்” என்று சபையார் நம்மிடம் கூறும்போது, மாண்ட பெண்ணுக்காக அவர்கள் கொள்ளும் துயரை நாம் மதிப்போமாக. ஆனால், விசாரணையின்றிக் கொல்லப்பட்டவன் குற்றவாளிதானா என்பது அதன்பின் முறைப்படி நிறுவப்படுவதில்லை என்பதையும் சொல்லக் கடமைப்பட்டுள்ளோம். உண்மை அறியப்படாதவிடத்து, அப்பெண்ணுக்கும் நீதி கிட்டியதாக நாம் எங்ஙனம் கூறுவோம்?