விளக்குக் கரியும் தாத்தாவின் படமும்

மாணவர்களே, அக்காலத்தில் ஓலையில் எழுத்தாணியால் கீறி, அதன்மேல் விளக்குக் கரியைத் தடவினார்கள். நூற்றாண்டுகள் கடந்தும் அவ்வெழுத்து கறுப்பாகவே இருக்கிறது. ஆனால் வீட்டில் அச்சடித்துச் சுவரில் மாட்டிய தாத்தாவின் படம் சில ஆண்டுகளிலேயே வெளிறிவிடுவது ஏன்?

பல அச்சுப்பொறி மைகளில் சாயம் கரைந்திருக்கும். ஒளியும் காற்றிலுள்ள ஓசோனும் சாய மூலக்கூறுகளைச் சிதைப்பதால் நிறம் மங்குகிறது. கார்பன் மையில் இருப்பவை கரையாத நுண்துகள்கள். அவை எளிதில் சிதைவதில்லை.

கறுப்பு மை மட்டும் இருந்தால், முகத்தின் இளஞ்சாம்பல் நிறத்தைக் காட்டப் புள்ளிகளை இடைவெளி விட்டே தெளிக்க வேண்டும். அப்போது படம் பொரிப்பொரியாகத் தெரியும். அதனால் நீர்த்த மைகளையும் பயன்படுத்துகிறார்கள். 10 மில்லிலிட்டர் கார்பன் மையுடன் 90 மில்லிலிட்டர் நிறமற்ற மைக்கலவை சேர்த்தால், 10 விழுக்காட்டு மை கிடைக்கும்.

வெறும் நீரை ஊற்றலாமா? கூடாது. மையின் பாகுத்தன்மை குறையும். துகள்களைப் பிரித்து வைக்கும் பொருளும் நீர்த்துப்போகும். துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி, அச்சுமுனையின் நுண்துளைகளை அடைத்துவிடலாம்.

நீங்களே சோதியுங்கள்: அச்சடித்த படத்தின் பாதியை அட்டையால் மூடி, வெயில் படும் சன்னலோரம் வையுங்கள். சில வாரங்கள் கழித்து இரு பாதிகளையும் ஒப்பிடுங்கள். உங்கள் வீட்டு மை எவ்வகை என்பதற்கு ஒரு குறிப்பு கிடைக்கும்.