கமராப் பையும் கடற்காற்றும்



ஒரு பொருளை விலை கொடுத்து வாங்குவோர் பலர். அதனைப் பேணும் வகையையும் எண்ணி வாங்குவோர் சிலரே. பல மாதச் சேமிப்பைச் செலவிட்டுக் கமராவும் வில்லைகளும் வாங்குகின்ற ஒருவர், அவற்றை இட்டுச் செல்லும் பையைக் கையில் எஞ்சிய காசுக்கு வாங்குவதை நாம் அடிக்கடி காண்கிறோம். திருகோணமலை போன்ற துறைமுகப் பகுதியிலோ, கமராவின் ஆயுள் பெரிதும் அந்தப் பையைப் பொறுத்தே அமைகின்றது. ஆதலின் அதனைத் தெரிவு செய்யும் முறையைச் சிறிது ஆராய்வோம்.

கமராவைச் சுமந்து செல்வது முற்காலத்தில் எளிய செயலாக இருக்கவில்லை. 1870ஆம் ஆண்டையொட்டி யோசப் லோட்டன் என்னும் ஆங்கிலேயர் அநுராதபுரம், பொலன்னறுவை ஆகிய பழம்பதிகளின் இடிபாடுகளைப் படம் பிடித்தார். அந்நாளிற் கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது உலருமுன் படமெடுத்து, உடனே அதனைப் பதப்படுத்தவும் வேண்டும். ஆகவே கமரா, முக்காலி, கண்ணாடித் தகடுகள், மருந்துக் குப்பிகள், இருட்டறையாகப் பயன்படும் கூடாரம் யாவும் காட்டு வழியே உடன் சென்றன. பின்னர், 1956இல், ஆதர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் நமது சுவாமிமலையின் அடியில் கடலுள் மூழ்கி, போர்த்துக்கேயரால் இடிக்கப்பட்ட பழைய கோணேசர் ஆலயத்தின் கற்களைக் கண்டனர். கடலுள் இறங்கும் கமராவுக்கு நீர் புகாத உறை வேண்டும். அவ்வுறையின் இறப்பர் வளையத்தில் ஒரு மணற்றுகள் தங்கினாலும் நீர் உட்புகுந்துவிடும்.

தரைவழியே சென்றவருக்குப் பகை பாரம்; கடலுள் இறங்கியவருக்குப் பகை நீர். எனவே பை வாங்குவோர் முதலிற் கேட்க வேண்டிய வினா, 'இதன் விலை யாது?' என்பதன்று, 'இது எந்தப் பகையினின்று காக்க வேண்டும்?' என்பதே.

நமது பகுதியில் அப்பகைவர் மூவர். ஐப்பசி தொடக்கம் தை வரை வாடையோடு வரும் மழையும் ஈரமும் ஒன்று. கோடையிற் கச்சான் காற்று வாரியிறைக்கும் புழுதி மற்றொன்று. ஆண்டு முழுவதும் கடற்காற்றிற் கலந்து வரும் உப்பு மூன்றாவது. உப்பு தானே உலோகத்தை அரிப்பதோடு, காற்றிலுள்ள ஈரத்தையும் தன்பால் ஈர்த்து வைத்துக்கொள்வது.

இனிப் பையின் இலக்கணத்தைக் காண்போம். உள்ள கருவிகளையெல்லாம் ஒரு பாயிற் பரப்பிப் பாருங்கள். அவை தளர்வின்றி அடங்கி, இன்னும் ஒரு வில்லைக்கு இடமிருந்தாற் போதும். பெரிய பை வீண் பாரத்தையே அழைத்து வரும். உள்ளே மெத்தென்ற தடுப்புகள் இருத்தல் இன்றியமையாதது. கண்ணாடியோடு கண்ணாடி மோதலாகாது.

கோணேசர் ஆலயத்துக்கு ஏறிச் செல்வோருக்கு முதுகிற் சுமக்கும் பை ஏற்றது. கைகள் இரண்டும் ஓய்ந்திருக்கும். கடற்கரையிற் படமெடுப்போருக்குத் தோளில் தொங்கும் பை நன்று. மணலில் இறக்கி வைக்காமலே வில்லையை மாற்றலாம்.

துணி நீரைத் தாங்குவது என்று கடைக்காரர் சொன்னவுடன் நிறைவு கொள்ள வேண்டாம். மழைநீர் பெரும்பாலும் துணியின் வழியாக வருவதில்லை. தையலின் வழியாகவும் சிப்பின் வழியாகவுமே வரும். சிப்பை மூடும் மடிப்பு உண்டா என்று பாருங்கள். இரும்புக் கொளுவிகள் சில மாதங்களில் துருவேறும். பித்தளையோ உறுதியான பிளாஸ்டிக்கோ உப்புக்காற்றை நெடுநாள் தாங்கும். நிலாவெளியிலிருந்து புறாமலைக்குப் படகிற் செல்வோர், அப்பையையே வாய் சுருட்டிக் கட்டும் நீர்புகாப் பையினுள் இட்டுச் செல்லுதல் அறிவுடைமை.

இவை யாவற்றிலும் முக்கியமான ஒன்றுண்டு. பை கமராவுக்கு வண்டியேயன்றி வீடன்று. பயணம் முடிந்து வந்ததும் பையை அப்படியே மூடி அலுமாரியில் வைப்பவரே மிகுந்த இழப்புக்கு ஆளாகின்றனர். பஞ்சும் துணியும் பகல் முழுவதும் உறிஞ்சிய ஈரம் உள்ளேயே தங்கும். இருளும் ஈரமும் கூடிய இடத்திற் பூஞ்சணம் தழைக்கும். அது வில்லையின்மேற் சிலந்தி வலைபோற் படரும். நாளடைவில் அதிலிருந்து சுரக்கும் அமிலம் கண்ணாடியின் பூச்சையே அரிக்கும். பின்னர்த் துடைத்தாலும் வடு மாறாது. தோற்பை பார்வைக்கு அழகியதாயினும், மழைக்காலத்தில் அதிலேயே முதலிற் பூஞ்சணம் பிடிக்கும்.

ஆதலின் வீடு திரும்பியதும் கருவிகளை வெளியே எடுங்கள். நன்னீரில் நனைத்துப் பிழிந்த துணியாற் கமராவின் வெளிப்புறத்து உப்பை மெல்லத் துடையுங்கள். வில்லையின் கண்ணாடியை அவ்வாறு தொடவேண்டாம். பையை நிழலில் வாய் திறந்து உலரவிடுங்கள். கருவிகள் உலர்ந்தபின் இறுக மூடும் பெட்டியில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களுடன் வையுங்கள். நீலநிற மணிகள் இளஞ்சிவப்பாக மாறினால், அவை ஈரத்தால் நிறைந்துவிட்டன என்பது பொருள்.

பையை மூடியே வைக்க வேண்டிய வேளையும் உண்டு. குளிரூட்டிய அறையிலிருந்து கடற்கரைக்கு வரும்போது, குளிர்ந்த வில்லையில் உடனே நீர் படியும். அரைமணி நேரம் பையைத் திறவாதிருந்தால் அத்துன்பம் நேராது.

2004ஆம் ஆண்டு மார்கழியில் வந்த ஆழிப்பேரலை இக்கரையோரத்து வீடுகளைக் கொண்டு சென்றபோது, குடும்பப் படங்களும் உடன் போயின. மறைந்தவரின் முகத்தை ஒரு படத்திலேனும் காண ஏங்குவோர் இன்றும் நம்மிடையே உளர். அத்தகைய மண்ணில் ஒரு கமராவைக் காப்பது பொருளைக் காப்பது மாத்திரமன்று. நாளை நம்மவர் தேடப்போகும் முகங்களைக் காப்பதுமாகும். அதற்கு வேண்டுவது விலையுயர்ந்த பையன்று. இடமறிந்து தெரிந்த பையும், அதனை நாள்தோறும் திறந்து உலர்த்தும் கையுமே.