நீச்சலைச் சாஸ்திரமாக்கியவர்

நீந்தத் தெரிந்தவர் பலர். நீந்துபவரின் கை தண்ணீருக்குள் உண்மையில் என்ன செய்கிறது என்று ஆராய்ந்தவரோ மிகச் சிலர். அச்சிலருள் முதல் வரிசையில் வைத்து எண்ணத்தக்கவர் அமெரிக்கரான ஜேம்ஸ் கவுன்சில்மன். 1920-இல் பிறந்து, ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் நீச்சல் வீரராகக் கீர்த்தி பெற்று, இரண்டாம் உலக யுத்தத்தில் குண்டுவீச்சு விமானம் ஓட்டித் திரும்பிய பின், அயோவாவில் டாக்டர் பட்டமும் பெற்ற இவர், 1957-இல் இந்தியானா பல்கலைக்கழகத்தின் பயிற்சியாசிரியரானார்.

நீரை நேராகப் பின்னோக்கித் தள்ளுவதே வேகத்திற்கு உபாயம் என்று பலரும் நம்பிவந்த காலத்தில், நீருக்கடியில் காமிராவை இறக்கியும், இருட்டிலே வீரர்களின் கைவிரலில் சிறு விளக்கைப் பொருத்தியும் படமெடுத்துப் பார்த்து, சிறந்த வீரனின் கை நேர்கோட்டில் அன்றி வளைந்து நெளிந்தே செல்கிறது என்பதை அவர் பிரத்தியட்சமாகக் காட்டினார். விமான இறக்கையைப் போலக் கையும் விசை பெறுகிறது என்று அதற்கு அவர் கூறிய காரணத்தைப் பிற்கால ஆராய்ச்சி பெரிதும் திருத்திவிட்டதாயினும், ஊகத்தை விட்டுப் பரிசோதனையை நாடும் வழக்கம் நிலைத்துவிட்டது. அவர் 1968-இல் வெளியிட்ட நீச்சல் விஞ்ஞான நூல் பயிற்சியாளர்களின் பாடப்புத்தகமாயிற்று.

1968 முதல் 1973 வரை தொடர்ந்து ஆறு முறை தேசியக் கல்லூரிப் பட்டத்தை இந்தியானா வென்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் ஏழு தங்கம் வென்ற மார்க் ஸ்பிட்ஸ் அவருடைய மாணாக்கரே. 1976 மான்ட்ரியலில் அவர் பயிற்றுவித்த அமெரிக்க ஆடவர் அணி, 13 போட்டிகளில் 12 தங்கங்களைக் கைப்பற்றியது. பிறரை நீந்தச் செய்வதோடு திருப்தியடையாமல், 1979-இல், தம் 58-ஆம் வயதில், ஆங்கிலக் கால்வாயையும் நீந்திக் கடந்தார். அந்நாள்வரை அவ்வயதில் அதைச் சாதித்தவர் எவருமிலர்.