வீடியோ கேமுக்குப் பின்னால் ஒரு கருப்பினப் பொறியாளர்

எங்கள் காலனியில் மாலை வகுப்பு முடிந்ததும் பிள்ளைகள் ஒரே கைப்பேசியைச் சுற்றிக் குனிந்துகொள்வார்கள். ஒருவன் விளையாடுவான், ஆறு பேர் சத்தம் போடுவார்கள். போன வாரம் ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் நிமிர்ந்து கேட்டான்: “அண்ணா, இந்த கேமையெல்லாம் யாருண்ணா செய்றாங்க? நம்மள மாதிரி ஆளுங்க யாராவது செஞ்சிருக்காங்களா?”

செஞ்சிருக்காங்க தம்பி. அவர் பெயர் ஜெரி லாசன்.

1940 டிசம்பர் 1 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் ஒரு கருப்பினக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பா துறைமுகத் தொழிலாளி. ஆனால் அறிவியல் நூல்களைத் தேடிப் படித்தவர். தாத்தா இயற்பியல் படித்தும் அதற்கான வேலை கிடைக்காமல் அஞ்சலகத்தில் பணியாற்றியவர். பிள்ளைக்கு நல்ல பள்ளி வேண்டும் என்று ஆசிரியர்களை நேரில் பார்த்துப் பேசிச் சேர்த்தார் அம்மா. முதல் வகுப்பில் லாசனின் மேசைக்கு அருகே ஆசிரியை ஒரு படம் வைத்திருந்தார். அடிமையாகப் பிறந்து வேளாண் விஞ்ஞானியான ஜார்ஜ் வாஷிங்டன் கார்வரின் படம் அது. அந்தப் படம்தான் தன்னைத் தூண்டியது என்று பிற்காலத்தில் லாசன் நினைவுகூர்ந்தார்.

பள்ளி நாட்களிலேயே டிவி பழுதுபார்த்துச் சம்பாதித்தார். கல்லூரியில் சேர்ந்தார், பட்டம் முடிக்கவில்லை. 1970இல் கலிபோர்னியாவில் ஃபேர்சைல்ட் என்ற சிப் நிறுவனத்தில் பொறியாளரானார். ஓய்வு நேரத்தில் வீட்டு கேரேஜில் காசு போட்டு விளையாடும் கேம் இயந்திரம் ஒன்றைச் செய்தார். அதைப் பார்த்த நிறுவனம், வீடியோ கேம் பிரிவையே அவர் பொறுப்பில் விட்டது.

அந்நாளில் டிவியோடு இணைக்கும் கேம் பெட்டியில், செய்யும்போதே உள்ளே அமைத்த விளையாட்டுகள் மட்டுமே இருக்கும். புது விளையாட்டு வேண்டுமானால் புதுப் பெட்டிதான். லாசன் குழு 1976இல் கொண்டுவந்த ‘சேனல் எஃப்’ இதை மாற்றியது. விளையாட்டின் நிரலைத் தனியாக ஒரு கேட்ரிட்ஜில் வைத்தார்கள். கழற்றி மாட்டினால் வேறு விளையாட்டு. இந்த யோசனையின் மூல வடிவம் வேறொரு சிறு நிறுவனத்தில் பிறந்தது. அதைக் கடைக்கு வரும் பொருளாக்கியது லாசனின் குழு. பெட்டி வேறு, விளையாட்டு வேறு என்று பிரிந்த பிறகுதான் வீட்டு கேம்களுக்கு நிரல் எழுதுவது தனித் தொழிலாக வளர்ந்தது.

தொலைபேசியில் மட்டும் பேசிப் பழகியவர்கள், நேரில் பார்த்து அவர் கருப்பர் என்று தெரிந்ததும் திகைத்துப் போனார்களாம். அறிவுக்கு ஒரு நிறம் உண்டென்று நம்பிய கூட்டம் அது. நமக்கும் அந்தக் கூட்டம் புதிதல்ல. கேம் உருவாக்குநர்களின் சர்வதேசச் சங்கம் அவரைக் கௌரவித்தது 2011 மார்ச்சில். அடுத்த மாதமே அவர் இறந்துபோனார்.

சரி, கேம் நிரலாளரின் வேலைதான் என்ன? பல கேம்களில் திரை நொடிக்கு 60 முறை புதிதாக வரையப்படுகிறது. ஒவ்வொரு முறையும் விரல் எங்கே தொட்டது, வண்டி எவ்வளவு நகர்ந்தது, எதன் மீது மோதியது என்று கணக்கிட வேண்டும். இரண்டு பந்துகள் மோதினவா என்று எப்படித் தெரியும்? மையங்களுக்கு இடையேயான தொலைவு, இரண்டு ஆரங்களின் கூடுதலைவிடக் குறைந்தால் மோதிவிட்டன. ஒன்பதாம் வகுப்பு ஆயத்தொலை வடிவியலில் வரும் அதே சூத்திரம்தான். கேள்வி கேட்ட தம்பியின் பையிலேயே அந்தப் புத்தகம் இருக்கிறது.

இந்த வேலையில் எல்லாமே இனிப்பு என்று சொல்ல மாட்டேன். கேம் வெளியாகும் தேதி நெருங்கினால் வாரக்கணக்கில் இரவு பகலாக உழைக்க வைப்பது இத்துறையின் பழைய நோய். 2023, 2024 ஆண்டுகளில் உலகெங்கும் ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்தனர். அங்கும் தொழிலாளர்கள் சங்கம் கட்டுகிறார்கள். கணினித் துறைக்குப் போனால் சாதி பின்தொடராது என்பதும் பொய். அமெரிக்காவின் சியாட்டில் நகரம் 2023இல் சாதிப் பாகுபாட்டைத் தடை செய்து சட்டம் இயற்ற வேண்டியிருந்தது.

ஆனாலும் போக வேண்டும். ‘கோடோ’ என்ற கேம் உருவாக்கும் மென்பொருள் முற்றிலும் இலவசம். பைத்தான் மொழியும் இலவசம். இல்லாதது கணினி மட்டுமே. எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் கணினி அறை இருக்கிறது, பூட்டும் இருக்கிறது. கெட்டுவிடும் என்று பிள்ளைகளைத் தொடவே விடுவதில்லை. உங்கள் ஊர்ப் பள்ளியிலும் அப்படியென்றால், அடுத்த பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் பெற்றோர்கள் எழுந்து சாவியைக் கேளுங்கள். பெண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே கேளுங்கள்.

எங்கள் மாலை வகுப்புச் சுவரில் அண்ணல் படத்துக்குப் பக்கத்தில் லாசன் படத்தை ஒட்டிவிட்டோம். தாழ்வாகத்தான் ஒட்டினோம். உட்கார்ந்திருக்கும் பிள்ளையின் கண்ணுக்கு நேராக.