மனையும் வழியும்: கட்டடக்கலைப் பள்ளிகள் உத்திரமேரூரில் கற்க வேண்டியவை

உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயிலின் கல்வெட்டுகளை மக்களாட்சியின் சான்றாகவே நாம் பாடநூல்களில் படித்திருக்கிறோம். கி.பி. 921-இல் முதலாம் பராந்தகன் காலத்தில் பொறிக்கப்பட்ட தகுதிகளை அவ்வளவாகப் பேசுவதில்லை. குடவோலையில் பெயர் இடம்பெற, வரி செலுத்தும் நிலம் கால் வேலிக்கு மேல் வேண்டும். சொந்த மனையில் வீடு வேண்டும். வேதப் பயிற்சியும் வேண்டும். அது பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட ஊரின் சபை. மனையற்றவருக்கு அங்கே ஓலையும் இல்லை.

மனைக்கும் அதிகாரத்துக்கும் உள்ள இந்த உறவு சோழரோடு முடிந்துவிடவில்லை. உத்திரமேரூரை உள்ளடக்கியிருந்த அன்றைய செங்கல்பட்டு மாவட்டத்தின் ஆட்சியர் திரமென்ஹீர், 1891-இல் அரசுக்கு அளித்த அறிக்கையில் சேரி மனைகள் மிராசுதாரர்களின் பிடியில் இருந்ததைச் சுட்டிக்காட்டினார். நிமிர்ந்து பேசினால் குடியிருப்பையே இழக்க நேரிடும் என்பதே அதன் பொருள். இதன் தொடர்ச்சியாக 1892-இல் பஞ்சமி நில ஆணை பிறந்தது. தமிழ்நாட்டின் 1978-ஆம் ஆண்டு ஆதிதிராவிடர் நலத்திட்ட நில எடுப்புச் சட்டம் மனை, வீடு, இடுகாடு ஆகியவற்றோடு அவற்றுக்குச் செல்லும் பாதையையும் குறிப்பிட்டது. பிணத்தை எடுத்துச் செல்லும் வழிகூடச் சட்டத்தால் பெறப்பட வேண்டியதாக இருந்தது.

ஆகவே ஊர் அமைப்பு என்பது சாதி நிலத்தில் வரைந்த வரைபடம். 1957-இல் தொடங்கப்பட்டு, இன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் இயங்கும் கட்டடக்கலை மற்றும் திட்டமிடல் பள்ளி உள்ளிட்ட நிறுவனங்கள் தம் எதிர்கால இலக்குகளை வகுக்கும்போது, இந்த வரைபடத்தை வாசிக்கக் கற்பிப்பதை முதன்மையாகக் கொள்ள வேண்டும். நாம் முன்வைப்பவை மூன்று.

முதலாவது, கோயிலையும் அக்கிரகாரத்தையும் அளந்து வரையும் மாணவர்கள் சேரியையும் அதே துல்லியத்துடன் வரைய வேண்டும்: குடிநீர்க் குழாய் எங்கே முடிகிறது, மழைநீர் எங்கே தேங்குகிறது, இடுகாட்டுப் பாதை யார் நிலத்தின் வழியே செல்கிறது என்பன உட்பட.

இரண்டாவது, நத்தம் ஆவணங்களையும் அ-பதிவேட்டையும் படிக்கும் பயிற்சி கட்டாயமாக வேண்டும். பஞ்சமி நிலத்தைப் பட்டியலினத்தார் அல்லாதோருக்கு விற்க முடியாது. அதை அறியாத திட்டமிடுநர் வரைபடத்தில் 'குடியிருப்பு மண்டலம்' என்று வண்ணம் தீட்டினால், ஆக்கிரமிப்புக்கு ஒரு மதிப்புமிக்க பெயர் கிடைத்துவிடும்.

மூன்றாவது, மாணவர்களின் திட்டங்கள் ஆசிரியர் குழுவின் மதிப்பீட்டோடு நின்றுவிடாமல், சேரி மக்கள் பங்கேற்கும் கிராம சபையின் முன் வைக்கப்பட வேண்டும். மாணவர் சேர்க்கையிலும் ஆசிரியர் பணியிடங்களிலும் இடஒதுக்கீடு முழுமையாக நிரப்பப்படாமல் இது சடங்காகவே முடியும்.

இத்துறை மாணவர்கள் தம் துறைத் தலைவரிடம் இன்றே ஒரு கேள்வி கேட்கலாம்: நம் பாடத்திட்டத்தில் சேரி எந்தப் பக்கத்தில் இருக்கிறது?